மூணு தடவ சொல்ல வேண்டிய பேரு

பிள்ள பெறந்து நாலு மாசம் ஆகியும் பேரு கெடையாது. தடுப்பூசி போடக் கொடைக்கானலுக்குக் கொண்டு போனா நர்சம்மா நோட்டப் பாத்து "சுகன்யா பேபி"ன்னுதான் கூப்புடும். பேத்துப்பாறையில எங்க தெருவுல ஒரு பசு கன்னு போட்டுச்சு, அதுக்கே மறுநாள் பேரு வச்சுட்டாங்க. எங்க வீட்டுல பேருன்னு வாயெடுத்தா சண்டை.

சண்டை என் கொழுந்தன் விக்னேசுக்கும் அவன் பொண்டாட்டி சுகன்யாவுக்கும். நான் மூத்தவன் பொண்டாட்டி, குப்பம்மா. மூத்தது செத்து மூணு வருசம் ஆகுது. என் ரூமுக்கும் அவங்க ரூமுக்கும் நடுவுல ஒத்தைக்கல்லுச் செவரு. அந்தப் பக்கம் தும்முனா இந்தப் பக்கம் நான் நூறு வயசுன்னு சொல்லலாம். அதனால சண்டை பூராவும் எனக்கு மனப்பாடம்.

"போன்ல எழுவது பேரு எழுதி வச்சேன் விக்கி. ஒவ்வொண்ணா அடிச்சு இப்ப ஒண்ணுதான் நிக்கிது. துருவன். ஷார்ட்டா, ஸ்வீட்டா இருக்கு"ம்பா அவ. கொடைக்கானல் டவுனுக்காரி. கல்யாணத்துக்கு முன்னால ஒரு ஹோட்டல்ல ரிசப்சன்ல நின்னவ. புருசன விக்கின்னு பேரச் சொல்லித்தான் கூப்புடுவா. அவ கூப்புடும்போதெல்லாம் எங்க மாமனாரு ராமரு பல்லு வலிச்ச மாதிரி மூஞ்சிய வச்சுக்குவாரு.

"அண்ணன் பேருதான்"ம்பான் விக்னேசு. "பொணத்துக் காலப் புடிச்சுச் சத்தியம் பண்ணிருக்கேன். எனக்கு ஆம்பளப் பிள்ள பெறந்தா அண்ணன் பேருதான்னு."

"நீ பண்ண சத்தியத்துக்கு எம்பிள்ள என்ன பண்ணுவான்? முப்பத்தெட்டு வயசுல ஆக்சிடென்ட்ல போனவரு பேரு. கேக்கவே பயமா இருக்கு."

"எங்க வகையறாவுல அப்படித்தான். வயசுல போனவன் பேரு அடுத்து வர்ற ஆம்பளப் பிள்ளைக்கு."

"உங்க வகையறாவுல மட்டும்தான் அப்படி."

இதுக்கு மேல அவளுக்குக் கொரலு ஏறும். ஏறுன உடனே அவன் ரிமோட்ட எடுத்து டிவி சத்தத்தக் கூட்டிப்புடுவான். வெளிய யாருக்கும் கேக்கக் கூடாதாம். அது அவனுக்கு ரொம்ப நாளுப் பழக்கம். எவனோ ஒருத்தன் டிவியில மசாலாப் பொடி விப்பான், அதுக்குள்ள இவ அழுவுறது கொஞ்சம் கொஞ்சம் கேக்கும்.

அந்தப் பேரு என்னன்னு எங்கிட்டக் கேக்காதீங்க. ஊருல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. நான் சொல்ல மாட்டேன். கட்டுன புருசன் பேரப் பொம்பள சொல்லக் கூடாதுன்னு எங்க பக்கம் இன்னும் வச்சிருக்காங்க. தாலுகா ஆபீசுல விதவைப் பணத்துக்கு எழுதிக் குடுக்கும்போது கூட "பேரச் சொல்லுமா"ன்னு கேட்டாங்க, நான் ரேசன் கார்ட நீட்டுனேன். பின்னால நின்ன பொம்பளைங்க உச்சுக் கொட்டுச்சு. "பாவம், செத்தும் பேரச் சொல்லாம எம்புட்டு மரியாதை"ன்னு. மரியாதையாம். போங்கடி உங்க சோலியப் பாத்துக்கிட்டுன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்.

நடந்ததச் சொல்றேன். அந்தாளு குடிச்சுட்டு வந்தா ஒரு வெளையாட்டு வச்சிருந்துச்சு. என் முடியப் புடிச்சுக்கிட்டு, "நான் யாரு, எம்பேரச் சொல்லுடி"ங்கும். சொல்லலைன்னா திமிருன்னு ஒரு அடி. சொன்னா, புருசன் பேரச் சொல்ற மரியாதை கெட்ட சிறுக்கின்னு அடி. பதினோரு வருசத்துல ஒரே ஒரு தடவ சொன்னேன். சொன்னா விட்டுரும்னு நெனச்சேன். வலது பக்கம் கடவாப்பல்லு ரெண்டு போச்சு. அதுக்கப்புறம் வாயத் தெறக்கல. என் பேர அந்தாளு ஒரு நாளும் சொன்னதில்ல. ஏய், மலடி, இந்தா. இது மூணும்தான் எனக்குப் பேரு.

பெறவு ஒரு நாளு பீன்ஸ் லோடு ஏத்திக்கிட்டு வத்தலக்குண்டு எறக்கத்துல குடிச்சுட்டு வண்டிய விட்டுச்சு, வளைவுல போயிச் சேந்துச்சு. ஊரே அழுதுச்சு. செத்த மாடு பத்துப் படி கறந்துச்சுன்னு சொல்ற ஊரு இது. பஸ் ஸ்டாப்புல எட்டடிக்குக் கண்ணீர் அஞ்சலின்னு பிளெக்ஸ் கட்டுனாங்க, செல்போன காதுல வச்சுச் சிரிச்ச மாதிரி போட்டோ. பதினாறு முடிஞ்சதும் அத அவுத்துக் கொண்டாந்து எங்க பூண்டுக் கொட்டகைக்கு மேல கட்டுனது நான்தான். மொகத்த வானத்தப் பாத்து வச்சுக் கட்டுனேன். வெயிலு அடிக்கட்டும், மழை அடிக்கட்டும். நாலு கொரங்கு வந்து மூக்கு மேல ஒக்காந்து பேன் பாக்கும், எனக்குப் பாக்கப் பாக்க நெஞ்சு குளுரும். மேட்டுப் பாதையில போறவங்க அதப் பாத்துட்டு, "செத்தும் வெள்ளாமையக் காக்கிறான் பாரு, பொண்டாட்டிக்கு எம்புட்டுப் பாசம்"ன்னாங்க. ஊரு வாயி அப்படி.

மூணு வருசமா அந்தப் பேரு எங்க வீட்டுக்குள்ள சத்தமாக் கேக்கல. நிம்மதியாச் சோறு தின்னேன். இப்ப அதத் தூக்கிக் கொண்டாந்து தொட்டில்ல போடப் பாக்குறாங்க. வெள்ளனே எந்திரிச்சா அந்தப் பேரு, சோத்துக்கு ஒக்காந்தா அந்தப் பேரு. நான் சாகுற வரைக்கும் தெனம் அத எவளாச்சும் கூப்புட்டுக்கிட்டே இருப்பா.

அது போதாதுன்னு இன்னொண்ணு. செத்தவன் பேரு சும்மா திரும்பாதாம். எங்க வகையறாவுல அது அவன் பொண்டாட்டி வாய் வழியாத்தான் வரணும். கருப்பு கோயில்ல பிள்ளைய மடியில வச்சு, காதுல மூணு தடவ அவ சொல்லணும். அவ சொன்னாத்தான் பேரு, இல்லைன்னா இல்ல. உசுரோட இருக்கையில சொல்லக் கூடாத பேர, செத்தப்பெறவு சொல்லியே ஆகணும். என்ன நாயம்னு எவனும் கேக்கல. எங்கிட்டயும் எவனும் கேக்கல. குப்பம்மா சொல்லிருவா, சந்தோசமாச் சொல்லுவான்னு அவங்களா முடிவு பண்ணிக்கிட்டாங்க.

மாசி மாசம் ஒரு சாயங்காலம் சுகன்யா மூணாவது தடவையாப் பையக் கட்டுனா. செவத்துக்கு இந்தப் பக்கம் நான் பூண்டு உரிச்சுக்கிட்டு இருந்தேன்.

"இப்பவே டவுனுக்குப் போறேன். எங்கம்மா வீட்டுல வச்சு நானே பேரு வச்சுக்கறேன்"னா.

"நில்லு. ஒரு முடிவுக்கு வருவோம்"ன்னான் அவன். "கோயில்ல மதினி வாயில வந்தா அண்ணன் பேரு. வரலைன்னா நீ சொன்ன பேரு. அதுக்கு மேல நானும் பேச மாட்டேன், நீயும் பேசக் கூடாது."

அவ சிரிச்சா. சிரிப்பில்ல அது. "வராம எங்க போகும்? அவங்களுக்கு லட்டு மாதிரி சான்சு."

"அப்ப உனக்கு வேணாமா?"

பிள்ள ஒரு தடவ சிணுங்குச்சு. "சரி. டீல்"னா. பையோட ஜிப்பத் தெறக்குற சத்தம் கேட்டுச்சு. நாலு மாசத்துல அவங்க ரெண்டு பேரும் ஒத்துப் போனது அந்த ஒண்ணுதான். அதுவும் எந்தலையில கட்டி.

மறுநாளு மாமனாரு என்னைக் கூப்புட்டாரு. வாசல்ல பிளாஸ்டிக் சேருல ஒக்காந்து வெத்தலை போட்டுக்கிட்டு இருந்தாரு.

"இந்தா பாருத்தா. நீ பேரச் சொல்லிட்டா அந்தப் பிள்ள மூத்தவனுக்கு வாரிசு மாதிரி. நாளைக்கு உனக்குக் கொள்ளி வைக்க ஆளாச்சு. இந்த வீட்டுல உன்னைய ஒருத்தன் ஏன்னு கேக்க முடியாது."

"சொல்லலைன்னா மாமா?"

வெத்தலைய ஒதுக்கிக்கிட்டு என்னையப் பாத்தாரு. "பிள்ளையுமில்ல, புருசனுமில்ல. பெரும்பாறையில உன் தம்பி இருக்கான்ல. அங்கன போயி இருந்துக்க."

என் தம்பிக்கு எஸ்டேட் லயத்துல ஒத்த ரூமு. அதுல அவன், பொண்டாட்டி, மூணு பிள்ளைங்க, மொளகு மூட்டை. நான் போயிப் படுக்கணும்னா ஒருத்தர் எந்திரிச்சு நிக்கணும். அது மாமனாருக்கும் தெரியும். தெரிஞ்சுதான் சொல்றாரு. பதினாலு வருசம் இந்த வீட்டுப் பூண்டுக்குக் களை எடுத்தவ நான். எம்முதுகு வளைஞ்சதெல்லாம் இந்த மேட்டுல. ஆனாலும் சரிங்க மாமான்னுட்டு வந்தேன்.

அன்னைக்குப் பொழுதுக்குள்ளயே சுகன்யாவும் வந்து நின்னா. நான் கொட்டகையில பூண்டுத் தாளு அறுத்துக்கிட்டு இருந்தேன். தலைக்கு மேல அந்தாளு மூஞ்சி. பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு, துப்பட்டாவால மூக்கப் பொத்திக்கிட்டு நின்னா. பூண்டு நாத்தம் அவளுக்கு ஆகாது.

"அக்கா, ஸ்ட்ரெயிட்டாக் கேக்குறேன். விக்கிய ஏத்தி விடறது நீங்கதானே?"

"என்னத்த ஏத்தி விட்டேன்?"

"உங்க ஹஸ்பெண்ட் பேரு வச்சா எம்பிள்ள மேல உங்களுக்கும் ரைட்ஸ் வந்துரும்ல. நான் வேலைக்குப் போனப்பெறவு நீங்க தூக்கி வச்சுக்கிட்டு, எம்புருசன் வந்துட்டாருன்னு கொஞ்சலாம்ல."

கையில அருவா இருந்துச்சு. நல்லவேளை, கீழ வச்சேன்.

"ஏத்தா, வாய அளந்து பேசு. ஒம்பிள்ள வேணும்னு எவ அழுதா? கழுவிக் கழுவி ஊத்துறதுக்கு எனக்குப் பூண்டு மண்ணே போதும்."

"அப்ப சொல்ல மாட்டேன்னு விக்கிகிட்டச் சொல்லுங்க. இப்பவே."

சொல்லியிருக்கலாம். சத்தியமா, அந்த நிமிசம் வாய் வரைக்கும் வந்துச்சு. ஒக்காருத்தா, உனக்கு ஒரு கதை சொல்றேன்னு கூப்புடத்தான் நெனச்சேன். அதுக்குள்ள அவ முந்திக்கிட்டா.

"உங்களுக்கு எங்க புரியப் போகுது? பெத்தாத்தான் தெரியும்."

சொல்லிட்டுத் திரும்பி நடந்தா. பதினோரு வருசம் அந்தாளு என்னைய அடிச்சு அடிச்சுச் சொன்னத, இவ அடிக்காமச் சொல்லிட்டுப் போறா. சரிதான்டி. உன் எழுவது பேரையும் நீ போன்லயே வச்சு அழகு பாரு. கோயில்ல மூணு தடவ இல்ல, முப்பது தடவ சொல்றேன். நீ தெனம் அந்தப் பேரச் சொல்லி உம்பிள்ளைக்குச் சோறு ஊட்டு. எனக்கும் இருக்க எடம் ஆச்சு, உன் கொட்டமும் அடங்கும். அப்படித்தான் முடிவு பண்ணேன். இதுல மறைக்க ஒண்ணுமில்ல, நான் ஒண்ணும் மகராசி கெடையாது.

வெள்ளிக்கிழமை வெள்ளனே ஜீப்புல கெளம்புனோம். விக்னேசு சுத்திப்பாக்க வர்றவங்களுக்கு ஓட்டுற ஜீப்புதான். முன்னால அவனும் மாமனாரும். பின்னால நானும் சுகன்யாவும் எதிரெதிர, நடுவுல கால் கட்டுன சேவலு. அவ என்னையப் பாக்கல, நான் அவளப் பாக்கல, சேவலு ரெண்டு பேரையும் பாத்துச்சு. கருப்பு கோயிலு சோலைக்காட்டு ஓரத்துல. ஜீப்ப நிப்பாட்டிட்டு கால் மணி நேரம் நடக்கணும். பனி இன்னும் வெலகல, பிள்ளைய அட்டை கடிச்சுருமோன்னு பயந்து அவ தூக்கித் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நடந்தா.

பூசாரி திருமலைச்சாமி எல்லாம் எடுத்து வச்சிருந்தாரு. வகையறா ஆளுங்க இருவது பேரு வந்துட்டாங்க. சேவல அறுத்து, அந்தப் பக்கம் மூணு கல்லக் கூட்டி ஒலை வச்சாச்சு. என்னையக் கெழக்கப் பாத்து ஒக்கார வச்சு, சுகன்யா கையில இருந்து பிள்ளைய வாங்கி என் மடியில போட்டாங்க. அவ சட்டுனு விடல. ரெண்டு பேரு சேந்து இழுத்த மாதிரிதான் வந்துச்சு.

"சொல்லுத்தா. காதுல சொன்னாப் போதும். மூணு தடவ"ன்னாரு பூசாரி.

குனிஞ்சேன். பாலு வாசம். காது நம்ம கட்டைவெரலு அளவுதான் இருக்கு, ஓரத்துல மயிரு மாதிரி பூனைமுடி. அது பாட்டுக்கு என் தாலி இல்லாத கழுத்தப் புடிச்சு இழுத்துக்கிட்டுக் கெடக்கு. நான் சொல்லத்தான் போனேன். வாயத் தெறந்தேன். நாக்கு தானாப் போயி அந்த ரெண்டு பல்லு இருந்த பள்ளத்துல நின்னுச்சு. நகரல. மூணு வருசமா அது அங்க போகாம இருந்துச்சு.

"சொல்லுங்க மதினி"ன்னான் விக்னேசு. அவன் கண்ணு கலங்கியிருந்துச்சு. "அண்ணன் திரும்பி வரட்டும்."

அந்த ஒரு வார்த்தையில நான் போட்டிருந்த முடிவெல்லாம் தெறிச்சுப் போச்சு. திரும்பி வரட்டுமாம். யாருக்கு வரட்டும்?

நான் நிமுந்தேன். "என் வாயில வராது"ன்னேன்.

"கூச்சப்படாதத்தா. இப்பச் சொல்லலாம், தோசமில்ல"ன்னாரு பூசாரி.

"கூச்சமும் இல்ல, தோசமும் இல்ல. அந்தப் பேரு எனக்கு வந்தா காறித் துப்பத்தான் வரும். பச்சப்பிள்ள காதுல துப்பச் சொல்றீங்களா?"

மாமனாரு எந்திரிச்சுட்டாரு. "ஏலே, என்ன பேசுறா இவ? செத்தவனப் பேசுறா, சாமி முன்னால."

"சாமி முன்னாலதான் பேசுறேன். அதுக்காவது தெரியட்டும்." பிள்ளைய ஒரு கையில அணைச்சுக்கிட்டு மறு கையால வாயோரத்த இழுத்துக் காட்டுனேன். இருவது பேருக்கும் காட்டுனேன். "கீழ விழுந்து போச்சுன்னு சொன்னேன்ல எல்லாருகிட்டயும்? விழுகல. பேரச் சொல்லுடின்னுச்சு. சொன்னேன். அதுக்குக் குடுத்த கூலி இது. இன்னைக்கு மறுபடியும் சொல்லச் சொல்றீங்க."

ஒலையில தண்ணி கொதிக்கிற சத்தம்தான். ஒரு பெரியவரு துண்ட உதறித் தோள்ல போட்டுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

"எங்களுக்கு எப்படிங்க மதினி தெரியும்? நீங்க சொன்னதே இல்லியே"ன்னான் விக்னேசு.

அவன் மட்டும் அதச் சொல்லாம இருந்திருந்தா நான் அதோட விட்டிருப்பேன்.

"உனக்குத் தெரியாதா?"ன்னேன். "நடுவுல ஒத்தைக்கல்லுச் செவரு. நீ அந்த ரூமுல தனியாக் கெடந்தியேப்பா பதினோரு வருசம். அந்தாளு வந்து கதவச் சாத்துனா அஞ்சு நிமிசத்துல உன் டிவி சத்தம் ஏறும். நான் கத்தக் கத்த ஏறும். நான் நிப்பாட்டுனா எறங்கும். எறங்கும்ல? அளவு பாத்து வச்சவன் மாதிரி எறங்கும். அன்னைக்குப் பல்லு போனன்னைக்கு நியூஸ் ஓடுச்சு, எங்கயோ வெள்ளம்னு சொன்னான். வார்த்தைக்கு வார்த்தை எனக்கு ஞாபகம் இருக்கு. உனக்குக் கேக்கலியா?"

கேக்கலைன்னு சொல்லியிருந்தா இருவது பேருல பத்துப் பேராச்சும் நம்பியிருப்பாங்க. அவனால சொல்ல முடியல. அதுக்கு மட்டும் அவனுக்கு ஒரு கும்புடு போடணும்.

"விக்கி"ன்னா சுகன்யா. கத்தல. மெதுவாத்தான் கேட்டா. "உனக்குத் தெரியுமா?"

அவன் தரையப் பாத்தான். அவ ரெண்டெட்டு வச்சு வந்து என் மடியில இருந்து பிள்ளையத் தூக்குனா. எங்கிட்ட ஒண்ணும் சொல்லல, சொல்லுவான்னு நானும் எதிர்பாக்கல. மாமனாரு மட்டும், குடியக் கெடுக்க வந்தவ, மூதேவின்னு வண்டி வரைக்கும் ஏசிக்கிட்டே வந்தாரு. சேவக்கறிய எவரும் தொடல. திருமலைச்சாமிதான் பாவம், அம்புட்டுக் கொழம்பையும் வச்சுக்கிட்டு நின்னாரு.

சாயங்காலம் நான் என் சாமானக் கட்டுனேன். கட்ட என்ன இருக்கு. நாலு சேலை, ஒரு போர்வை, என் ஆத்தா குடுத்த சில்வர் குத்துவிளக்கு. காலையில மொத பஸ்சப் புடிச்சா மத்தியானத்துக்குள்ள பெரும்பாறைக்குப் போயிரலாம். தம்பி பொண்டாட்டி வாசல்லயே மொகத்தத் தூக்குவா, அத எப்படிச் சமாளிக்கன்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன். சொன்னதுக்கு வருத்தமெல்லாம் இல்ல. முன்னாலயே சொல்லாமப் போனமேன்னுதான் எம்மேல எனக்கே ஆத்திரம்.

செவத்துக்கு அந்தப் பக்கம் சுகன்யா ஆரம்பிச்சா. எடுத்த எடுப்புலயே கொரலு ஒசரத்துல இருந்துச்சு.

"பதினோரு வருசம் விக்கி. ஒரு நாளு கதவத் தட்டியிருக்கலாம்ல. சும்மா, தண்ணி வேணும்னாச்சும் தட்டியிருக்கலாம்ல."

"மெதுவாப் பேசு. அண்ணன எதுத்து நான் என்ன பண்ண முடியும்?"

"நாளைக்கு நீ என்னைய அடிச்சா யாரு டிவி சத்தத்தக் கூட்டுவாங்க? உங்கப்பாவா?"

"சுகன்யா, மெதுவா."

"அந்த ஆளு பேர எம்பிள்ளைக்கு வைக்கச் சொன்னே நீ. தெரிஞ்சே சொன்னே."

அப்ப அது கேட்டுச்சு. டிவி சத்தம். ஒவ்வொரு புள்ளியா ஏறுச்சு. ஏதோ பாட்டுப் போட்டி, சனங்க கையத் தட்டிக்கிட்டு இருக்காங்க. எனக்குக் கையி அந்தப் போர்வையில அப்படியே நின்னு போச்சு. அடி யாரும் அடிக்கல, ஆனாலும் ஒடம்பு குறுகி நான் செவத்தோட ஒட்டி ஒக்காந்துட்டேன். மூணு வருசம் கழிச்சும் ஒடம்பு மறக்கல.

ஏதோ தட்டுப்பட்ட மாதிரி ஒரு சத்தம். டிவி அமந்துச்சு. எறங்கல, ஒரேயடியா அமந்துச்சு. அவ போயிச் சுவிட்ச அணைச்சிருக்கணும்.

"இனிமே இந்த வீட்டுல நம்ம பேசும்போது இது ஓடக் கூடாது"ன்னா. "அக்காவுக்குக் கேக்கட்டும். அன்னைக்கு உனக்குக் கேட்டுச்சுல்ல? இப்ப அவங்களுக்குக் கேக்கட்டும்."

கட்டிலு கிறீச்சுன்னுச்சு, அவன் ஒக்காந்திருக்கணும்.

"கோயில்ல அவங்க வாயில வரல. டீலு என்ன? சொல்லு. பிள்ள பேரு என்ன?"

கடைசியில அவன் ஏதோ முனங்குனான்.

"எனக்கே கேக்கல"ன்னா அவ. "செவத்தப் பாத்துச் சொல்லு. மூணு தடவ. உங்க வகையறாவுல மூணு தடவதானே?"

"துருவன்"ன்னான். 

"இன்னும் சத்தமா."

"துருவன்." ரெண்டாவது தடவ கொரலு ஒடைஞ்சுச்சு. மூணாவது தடவ வர்றதுக்கு நேரம் ஆச்சு, ஆனா செவத்துக்கு ரொம்பப் பக்கத்துல இருந்து வந்துச்சு. நெத்திய வச்சுச் சொன்னானோ என்னவோ. "துருவன், மதினி. பிள்ள பேரு துருவன். காலையில உங்க பையத் தூக்க எங்கப்பனே வந்தாலும் விட மாட்டேன். கேக்குதுங்களா மதினி?"

நான் வாயத் தெறக்கல. ஆறுதல் சொல்ல எனக்கு அவன் பிள்ளையுமில்ல, மன்னிக்கிறதுக்கு நான் சாமியுமில்ல. இன்னும் பத்து வருசத்துக்கு அவன் மூஞ்சியப் பாத்தா எனக்குக் கோவம் வரும், வரட்டும்.

ஆனா கேட்டுச்சு. எனக்கு நல்லாக் கேட்டுச்சு.